பேட்டரியை மறக்கச் சொல்லாதீர்கள்

"மாட்டுங்க, மறந்துடுங்க!" ஈரோடு–கரூர் சாலையோரப் பேட்டரிக் கடைகளின் பலகைகளிலும் ஷட்டர்களிலும் இந்த வாசகத்தை ஏதாவதொரு வடிவத்தில் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொடுமுடியில் ஒரு பட்டறை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் அதே வாசகம் பேச்சாக வரும். "செல்ஃப் எடுக்கலீங்களாண்ணா? பேட்டரி போச்சுங்க. ஒரு ஏ.எச். கூட்டிப் போட்டுக்கலாமுங்க. மெயின்டனன்ஸ் ஃப்ரீங்க, அஞ்சு வருசத்துக்கு அந்தப் பக்கமே திரும்ப வேண்டாமுங்க." ஒரே மூச்சில் இத்தனை தவறான போதனை. கேட்கிறவர் விவசாயியாகவோ தறிக்காரராகவோ இருப்பார். மறு பேச்சுப் பேசாமல் பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போவார். இதற்கு மேலும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரி போச்சு என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற பொய்களெல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை. எஞ்சின் சுற்றாததற்குப் பேட்டரி ஒரு காரணம், அவ்வளவுதான். டெர்மினலில் பச்சை பூத்திருக்கலாம். எர்த் ஒயர் தளர்ந்திருக்கலாம். ரிலே 'டிக்' என்று சத்தம் மட்டும் போட்டு நின்றுவிடலாம். செல்ஃப் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். கிளட்ச் சுவிட்சோ சைடு ஸ்டாண்டு சுவிட்சோ கெட்டிருக்கலாம். பட்டனை அமுக்குகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. கண்டுபிடிக்காமலே பேட்டரியைக் கழற்றுவது வியாபாரம்.

கண்டுபிடிக்கப் பெரிய படிப்பும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் போனபின், சாவியை அணைத்துவிட்டு, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் கொடுக்கும். ஆகவே 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12க்குக் கீழே போனால் காலி. காலியானது வேறு, செத்தது வேறு. காலியான பேட்டரிக்கு வேண்டியது ஒரு ராத்திரிச் சார்ஜ்; அதற்குப் போய்ப் புதுப் பேட்டரியின் விலையைக் கொடுக்கக் கூடாது. சார்ஜ் போட்ட பிறகும் 10.5லேயே நின்றால் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. அப்போது தாராளமாக மாற்றுங்கள்.

அடுத்து, மீட்டரை எடுக்காமலே செல்ஃபை அமுக்குங்கள். 12.6 காட்டிக்கொண்டிருந்த பேட்டரி சடாரென்று 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிட்டது, அல்லது தகடே உதிர்ந்துவிட்டது என்று பொருள். எண் அசையாமல் 12.5லேயே நின்று மோட்டாரும் சுற்றவில்லை என்றால், மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. ரிலேயையும் சுவிட்சையும் பாருங்கள். பேட்டரி நிரபராதி.

எல்லாவற்றிலும் முக்கியமான அளவு இனிமேல்தான் வருகிறது. அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைப் பாதி முறுக்கிப் பிடித்தபடி மறுபடியும் மீட்டரை வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐத் தாண்டவில்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. மேக்னட் காயிலோ ரெகுலேட்டர்-ரெக்டிஃபயரோ, பட்டறை வழக்கில் சொன்னால் ஆர்.ஆர். யூனிட்டோ, போய்விட்டது. 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாடில்லாமல் சார்ஜ் ஏற்றிப் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் எந்தக் கம்பெனி பேட்டரியை மாட்டினாலும் அதற்கும் அதே கதிதான். காலிங்கராயன் பாசனத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மடை உடைந்து கிடக்கும்போது மறுதண்ணி கட்டி என்ன பயன்?

சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குத் தேங்காய்ப் பருப்பு கொண்டுபோகும் பெரியவர் ஒருவர், வருடம் திரும்புவதற்குள் இரண்டாவது பேட்டரியும் போய் வந்து நின்றார். "இந்தக் கம்பெனி சரியில்லீங்க, வேற கம்பெனி போட்டுக்கலாமுங்க" என்பதுதான் கடையில் அவருக்குக் கிடைத்த ஆலோசனை. எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தால் 15.6. ஆர்.ஆர். யூனிட்டை மாற்றியதோடு அவருடைய தொல்லை தீர்ந்தது. இரண்டு பேட்டரிப் பணத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? கரண்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்தானே இந்த ஏமாற்று நடக்கிறது! கோவை ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்துத்தான் இயந்திரம் கற்றார் என்ற கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த சீமை இது. அதே சீமையில் இரண்டு ஒயரை வைத்து ஒரு எண்ணைப் படிக்கச் சோம்பல் என்பது எனக்கு நெஞ்சு பொறுக்காத காரியம்.

அடுத்தது மெயின்டனன்ஸ் ஃப்ரீ. அந்தக் காலத்துத் திறந்த பேட்டரியில் ஆறு மூடிகள் இருக்கும். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வெளியேறும். குறைந்ததைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். (மினரல் வாட்டரும் ஆகாது, நம் போர்த் தண்ணீர் அறவே ஆகாது, ஆசிட் ஊற்றுவது அதைவிடக் கெடுதல்.) இப்போது வரும் மூடிய பேட்டரியில் ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கிறது. பிரியும் ஆக்சிஜன் எதிர்த்தகட்டுக்குப் போய் மறுபடியும் தண்ணீராகிவிடும். அதனால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சார்ஜிங் அளவுக்குள் இருக்கும்வரைதான் அது நடக்கும். அளவு மீறினால் வால்வு திறந்து வாயு வெளியே போய்விடும். போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற மூடியே கிடையாது. ஆர்.ஆர். யூனிட் கோளாறு உள்ள வண்டியில் திறந்த பேட்டரி தண்ணீரைக் குடித்துக்கொண்டாவது ஓடும். மூடிய பேட்டரி உள்ளுக்குள் காய்ந்து செத்தேபோகும். ஆக, மறக்கலாம் என்று விற்கப்படும் பேட்டரிக்குத்தான் சார்ஜிங் அளவை அதிகக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வாரண்டி அட்டையைப் புரட்டிப் பாருங்கள். வண்டியின் மின்கோளாறால் பேட்டரி போனால் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மூடிய பேட்டரியானாலும் சும்மா நின்றால் தானாக இறங்கும். கூடவே அலாரம், ஜி.பி.எஸ். கருவி, மொபைல் சார்ஜர் என்று எதையாவது இழுத்துக் கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும். பையன் வெளியூரில் படிக்கப் போனபின் திண்ணையோரம் நிற்கும் வண்டியின் பேட்டரி இப்படித்தான் சாகிறது. தினமும் ஓடுகிற வண்டிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. கொடுமுடி ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ஈரோட்டுக்கும் கரூருக்கும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு மைல், சாயங்காலம் ஒரு மைல், நடுவில் நாளெல்லாம் வெயில். 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. எஞ்சின் ஓடினால் எரிந்தே தீரும். 35 வாட் பல்பு கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். ரயில்வே கேட்டில் ஐடிலிங்கில் நிற்கும்போது பேட்டரிக்கு மிஞ்சுவது என்ன? இப்படி ஓடும் வண்டிக்கு மாதம் ஒருமுறையாவது மீட்டர் வைக்க வேண்டும், அவ்வப்போது வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டும்.

ஐந்து வருடக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஈய-அமிலப் பேட்டரி இருக்கும் இடத்தில் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுவிதி. தமிழ்நாட்டுக் கோடை வெப்பப் பட்டியலில் வருடந்தோறும் முன்னால் நிற்கும் கரூர் பரமத்தி நமக்குப் பக்கத்து ஊர். குளிர்தேசக் கணக்கை இங்கே வந்து சொல்லாதீர்கள்.

ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) கூட்டிப் போடும் ஆலோசனைக்கும் அதிக இடம் தேவையில்லை. 100 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் 3, 4 ஏ.எச். இருக்கும், பழைய செல்ஃப் புல்லட்டில் 14 இருந்தது. மேக்னட் கொடுக்கும் கரண்ட்டையும் செல்ஃப் இழுக்கும் கரண்ட்டையும் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். பேட்டரியைப் பெரிதாக்கினால் மேக்னட் பெரிதாகாது. கரண்ட் எங்கோ கசிகிறது என்றால் நாலு நாள் தள்ளிப் படுக்கும், அவ்வளவே. பெட்டிக்குள் அடங்காத பேட்டரியைச் சாய்த்துத் திணித்து, பிளஸ் மைனஸ் இடம் மாறி ஒயர் எட்டாமல் இழுத்து மாட்டி, அதில் முனையை மாற்றிக் கொடுத்து ஆர்.ஆர். யூனிட்டையும் எரித்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

"கிக்கர்தான் இருக்குதே, பேட்டரி எதுக்குங்க?" என்பவர்கள் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டி வைத்திருந்தால் கவனிக்கவும். பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அவற்றைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ.வுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் அவற்றில் பல வண்டிகள் உயிர் பெறாது.

லித்தியம் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எடை குறையும், விலை பல மடங்கு ஏறும், 15 வோல்ட் தள்ளும் ஆர்.ஆர். யூனிட்டிடம் அதுவும் பிழைக்காது. பந்தய வண்டிக்குப் போடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன வகை, எத்தனை ஏ.எச்., எந்தப் பக்கம் பிளஸ் என்று போட்டிருக்கிறதோ அதை. வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், கடைக்காரர் முன்னாலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 12.6க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். சார்ஜ் என்பது ஏ.எச்.சில் பத்தில் ஒரு பங்கு: 5 ஏ.எச். பேட்டரிக்கு அரை ஆம்பியர், பொறுமையாகப் பத்து மணி நேரம். லாரிப் பேட்டரிகளோடு சேர்த்து அரை மணியில் ஏற்றிக் கொடுத்தால் பாதி ஆயுள் கடையிலேயே போய்விடும். ஆசிட் தனியாக ஊற்றும் பேட்டரியை முதல் சார்ஜ் போடாமல் வண்டியில் ஏற்றவே விடாதீர்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி கிளம்பாமல் இருக்க இதுதான் முறை. முனைகளில் கொஞ்சம் வாசலைன் தடவிவிட்டால் பச்சை பூக்காது.

மறந்துடுங்க என்ற போதனை பழைய பேட்டரியிலும் தொடர்வதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அந்தச் சிறிய டப்பாவின் எடையில் பாதிக்கு மேல் ஈயம், மிச்சத்தில் கந்தக அமிலம். அதை எடைக்குப் போட்டுவிட்டால், யாரோ ஒருவர் எங்கோ ஒரு மறைவில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தை உருக்குவார். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தியிருக்கின்றன. ஆகவே பழையதைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், அதற்குரிய தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பேட்டரி செத்துவிட்டதாக யார் சொன்னாலும், எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாதவரிடம் பேட்டரி வாங்காதீர்கள்.