பனிக்கு முந்திய வேலை

அலிப்பூரில் பனி பெய்வதில்லை. ஆனால் அங்கிருந்து குல்மார்க் போகக் காத்திருக்கும் ஸ்பிளிட்போர்டுக்கு மழைக்காலப் புழுக்கமே எதிரி. ஏற்றத்தில் இரண்டாகப் பிரிந்து ஸ்கீயாகவும், இறக்கத்தில் ஒரே பலகையாகவும் உதவும் சாதனம் இது. மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் எஃகு விளிம்பு துருப்பிடிக்கும். ஏற்றத்தில் வழுக்காமலிருக்க அடியில் ஒட்டும் பட்டையின் பசை கெடும். துருவைத் தேய்த்து, மெழுகு பூசி, திருகாணிகளை முடுக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியம், பனிச்சரிவில் புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி. பழைய பேட்டரி கசிந்திருந்தால் அது ஊமை. 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அபர்வத் சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் பலியானார்கள். புதைந்தவரை மீட்க உள்ள அவகாசம் பத்துப் பதினைந்து நிமிடங்களே. தேடுபவரும் தோண்டுபவரும் உடன் வந்தவர்தான். ஆகவே சோதனை ஜனவரியில் மலையில் அல்ல, அக்டோபரில் வீட்டில்.