"ஜீன்ஸ்" என்ற புது வசவு

கொஞ்சக் காலமாக எங்கள் ஆட்களிடையே ஒரு புதுச் சொல் புழங்குகிறது: ஜீன்ஸ். முன்பெல்லாம் "அந்தக் குடும்பத்திலை விசர் ஓடுது" என்று குசுகுசுத்தவர்கள் இப்போது, "அது ஜீன்ஸிலை வாற வருத்தமாம், மூளையே வேறை மாதிரியாம், ஸ்கானிலை தெரியுமாம்" என்று உரத்தே சொல்கிறார்கள். விஞ்ஞானத்தின் பெயரால் சொல்வதால் வெட்கப்படவும் தேவையில்லாமல் போய்விட்டது.

போன பங்குனியில் இங்கே மொன்றியலில் ஒரு கலியாணப் பேச்சு இப்படித்தான் முறிந்தது. பெண் பட்டதாரி, நல்ல வேலை. அவளுடைய தம்பிக்கு ஸ்கிசோபிரேனியா. மருந்து எடுக்கிறான், படிக்கிறான். "விசாரிக்க" என்று எனக்கும் ஃபோன் எடுத்தார்கள். "நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளை யோசிக்க வேணுமெல்லே" என்றார் மாப்பிள்ளை பகுதிப் பெரியவர் ஒருவர். நான் சொன்னது ஃபோனில் எடுபடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்கான். 1976இல் இங்கிலாந்தின் நோர்த்விக் பார்க்கில் ஈவ் ஜோன்ஸ்டனும் உடனிருந்தோரும், நெடுங்கால நோயாளிகளின் மூளை நடுவே திரவம் தேங்கும் அறைகள் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அது பெரிய விடுதலை. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, பிள்ளைக்கு இந்த வருத்தம் வரத் தாயின் வளர்ப்பே காரணம் என்று உளமருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் சராசரிகளுக்கு இடையிலானது. தனி ஒருவரின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து "இவருக்கு ஸ்கிசோபிரேனியா" என்று சொல்லக்கூடிய மருத்துவர் இன்றுவரை உலகில் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் அது முடிகிறது.

அடுத்தது மரபணு. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பெரிய பங்கு உண்டு. 2022இல் வெளிவந்த ஆய்வு மனித மரபுத்தொகுதியில் 287 இடங்களை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. ஆனால் ஒவ்வொன்றின் பாதிப்பும் துளியளவு. அந்தத் துளிகளில் பல, ஃபோன் எடுத்த பெரியவரிடமும் என்னிடமும் இருக்கின்றன. அதுபோக, அந்த ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். அதை வைத்துத் தமிழ்க் குடும்பத்துக்குச் சாதகம் கணிக்க முடியாது.

"மரபணு மூளையைச் சின்னதாக்குது, அதாலை வருத்தம் வருது" என்று நேர்கோடு போடுவோருக்கு 2016 நல்ல பாடம். மூளையின் உட்பகுதிகளின் பருமனைத் தீர்மானிக்கும் பொதுவான மரபணு மாற்றங்களையும் ஸ்கிசோபிரேனியாவோடு தொடர்புள்ளவற்றையும் ஒப்பிட்டபோது, இரண்டும் ஒத்துப்போவதற்கான சான்று கிடைக்கவில்லை. அதே ஆண்டு இன்னொரு குழு, நோய் எதிர்ப்போடு சம்பந்தப்பட்ட சி4 என்ற மரபணு, மூளையின் நரம்பு இணைப்புகளை அளவுக்கு மீறிக் கத்தரிக்கத் தூண்டக்கூடும் என்று காட்டியது. விஷயம் அவ்வளவு சிக்கலானது.

எங்கள் நகரத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2011இல் மொன்றியலின் கீ ரூலோ குழுவினர் 14 நோயாளிகளின் மரபணுக்களை அவரவர் பெற்றோருடையதோடு வைத்துப் பார்த்தார்கள். 15 புதிய மாற்றங்கள் அகப்பட்டன. தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. அந்தப் பிள்ளையில் புதிதாகத் தோன்றியவை. மரபணு வேறு, பரம்பரை வேறு. இருபத்திரண்டாம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் நாலில் ஒருவருக்கு உளநோய் வருகிறது. அந்தக் குறையும் பெரும்பாலும் புதிதாகவே நேர்வது.

சரி, கணக்கே பார்ப்போம். பொதுவாக இந்த வருத்தம் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். சகோதரருக்கு இருந்தால் பத்துக்குக் கிட்ட. மாமனுக்கு இருந்தால் மருமகப் பிள்ளைக்கு மூன்று, நாலு. அதாவது அந்தப் பெண்ணுக்குப் பிறக்கப்போகும் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றாறு பேருக்கு ஒன்றும் வராது. நீரிழிவுக்கும் இப்படிக் கணக்குப் பார்த்தால் எங்களில் ஒருவருக்கும் கலியாணம் நடக்காது.

இனி நாங்கள் விசாரிக்காத ஒன்று. 2015இல் ஒன்ராறியோவின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், தெற்காசியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களிடம் இத்தகைய உளநோய் பொதுமக்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அகதி என்பது ஜீன்ஸில் இல்லை. ஷெல்லும் சோதனைச்சாவடியும் ஏஜென்சிக்காரனின் அறையும் எந்த மரபணுவிலும் எழுதப்படவில்லை. சம்பந்தம் பேசும்போது சீதனம் கேட்கிறோம், சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்கிறோம், மூளையையும் கேட்கிறோம். எந்த வருஷம், எந்த வழியால், எதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

மூளையைப் பற்றி அளவுக்கு மீறி நிச்சயமாக இருந்த ஒருவரை இந்த நகரம் அறியும். மவுண்ட் றோயல் சரிவிலுள்ள அலன் மெமோரியலில் இவான் கமரன், பழைய மூளையை அழித்துப் புதிதாக எழுதலாம் என்று நம்பி, மின்னதிர்ச்சியும் வாரக்கணக்கான மருந்துத் தூக்கமுமாக நோயாளிகளைச் சிதைத்தார். 1957இலிருந்து அதற்கு சி.ஐ.ஏ. பணமும் வந்தது.

அதே நகரத்தில் வேர்டனிலுள்ள டக்ளஸ் ஆஸ்பத்திரியோடு இணைந்த முதல்நிலை உளநோய்ச் சேவையும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் தங்கள் நோயாளிகளை இரண்டு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தன. சிகிச்சைமுறை ஏறத்தாழ ஒன்றே. பிரமையும் மாயக்குரலும் அடங்குவதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உற்சாகமின்மை, ஒதுங்கிப்போதல் போன்றவற்றில் சென்னைக்காரர் கூடுதலாகத் தேறினார்கள். அங்கே குடும்பம் சிகிச்சையில் கூடவே இருந்தது. எங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அதை நாங்கள் மறைப்பதற்குப் பயன்படுத்துகிறோம்.

பெடியனுக்குக் குரல் கேட்கத் தொடங்கி எட்டு மாதம், பத்து மாதம். "அக்காவின்ரை கலியாணம் முடியட்டும், பிறகு காட்டுவம்." சிகிச்சை தொடங்கப் பிந்தப் பிந்தத் தேறுவது கடினமாகிறது, இந்தத் துறையில் திரும்பத் திரும்ப உறுதியான சில விஷயங்களில் அது ஒன்று. டக்ளஸின் அந்தச் சேவைக்கு நோயாளியே போகவேண்டுமென்றில்லை. தாயோ தகப்பனோ அக்காவோ நேரே அழைக்கலாம். அக்கா ஏன் அழைப்பதில்லை என்பதை, அன்று எனக்கு ஃபோன் எடுத்தவர்களிடம்தான் கேட்கவேண்டும்.