பணிப் பாதுகாப்பு ஆள்வோர் தரும் தயவல்ல

உயர் அதிகாரிகளின் பணிப் பாதுகாப்பு குறித்துப் பாட்டாளி வர்க்கக் கட்சி ஏன் பேச வேண்டும் என்ற கேள்வி எழலாம். அதிகார வர்க்கம் முதலாளித்துவ அரசு இயந்திரத்தின் உறுப்பே. ஆயினும், சட்டத்திற்குக் கட்டுப்பட்ட நிர்வாகத்திற்கும் ஆளுங்கட்சிக்குக் கட்டுப்பட்ட நிர்வாகத்திற்கும் உள்ள வேறுபாடு உழைக்கும் மக்களை நேரடியாகப் பாதிப்பதாகும்.

சிபிஐ இயக்குநருக்கு இரண்டாண்டுப் பதவிக்காலத்தைச் சட்டமே உறுதி செய்துள்ளது. எனினும் 2018 அக்டோபரில் அலோக் வர்மாவின் அதிகாரங்கள் நள்ளிரவில் பறிக்கப்பட்டன. 2019 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. இரண்டே நாட்களில், பிரதமர் தலைமையிலான தேர்வுக்குழு பெரும்பான்மை முடிவால் அவரை மீண்டும் அகற்றியது. மறுபுறம், சிபிஐ, அமலாக்கத்துறை இயக்குநர்களின் பதவிக்காலத்தை ஓராண்டு ஓராண்டாக ஐந்தாண்டுகள் வரை நீட்டிக்க 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இணங்காதவருக்கு வெளியேற்றம், இணங்குபவருக்கு நீட்டிப்பு. இதுவே அதன் பொருள்.

இப்பாரபட்சத்திற்குச் சித்தாந்த முகமும் உண்டு. கம்யூனிஸ்ட் தொடர்பைக் காரணம் காட்டி, 1949ஆம் ஆண்டின் தேசப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ரயில்வே ஊழியர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். அரசு ஊழியர்கள் ஆர்எஸ்எஸ் நடவடிக்கைகளில் பங்கேற்க 1966 முதல் இருந்த தடையையோ, மோடி அரசு 2024 ஜூலை 9 அன்று நீக்கிவிட்டது. அடுத்த மாதமே, இணைச் செயலாளர் உள்ளிட்ட 45 உயர் பதவிகளை இடஒதுக்கீடின்றி, ஒப்பந்த முறையில் வெளியாட்களைக் கொண்டு நிரப்ப முயன்றது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே பின்வாங்கியது.

விசாரணையின்றி எவரையும் பணிநீக்கம் செய்யலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு. ஆனால் அதே பிரிவின் விதிவிலக்குகளைப் பயன்படுத்தி விசாரணையின்றி நீக்கப்பட்டவர்களில் ரயில்வே தொழிலாளர்களும் அடங்குவர். 1985இல் உச்சநீதிமன்றமும் அவ்விதிவிலக்குகள் செல்லும் என்றது. ஒப்பந்த ஊழியருக்கோ அந்தப் பாதுகாப்பின் நிழல்கூட இல்லை. உச்சியில் உள்ளவரையே நள்ளிரவில் அகற்றத் துணிந்த ஆட்சி, கீழே உள்ள ஊழியரிடம் தயக்கம் காட்டாது.

அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம், இடமாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணி வாரியம், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிவு செய்தல் ஆகியவற்றை 2013ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. அவை முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். 311ஆவது பிரிவின் விதிவிலக்குகள் பழிவாங்கும் கருவிகளாவது தடுக்கப்பட வேண்டும். நிரந்தரப் பணிகளில் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட வேண்டும். இவற்றை ஒரே கோரிக்கையாக இணைத்து, அரசு ஊழியர் இயக்கத்தோடு கரம் கோத்துப் போராடுவது நம் கடமை.