கோட்டுக்கு இப்பால் காங்கேயம்

நம் காங்கேயம் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. திருப்பூர் என்ற பெயரில் ஒரு பாராளுமன்றத் தொகுதியும் உண்டு. ஆயினும் காங்கேயத்தார் எவரும் அத்தொகுதியின் வாக்காளர் அல்லர்! நாம் வாக்களிப்பது ஈரோடு தொகுதியில். நண்பர்கள் பலருக்கே இச்செய்தி வியப்பளிக்கக் கண்டேன். ஆகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

2008 வரை நாம் பழனி பாராளுமன்றத் தொகுதியில் இருந்தோம். காங்கேயம், வெள்ளக்கோயில் ஆகிய நம் பக்கத்துச் சட்டமன்றத் தொகுதிகளை ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் ஆகியவற்றோடு கட்டிப் போட்டிருந்தார்கள். மதுரைப் பக்கத்து நத்தத்துக்கும் நமக்கும் என்ன உறவோ, கோடு போட்டவர்களுக்கே வெளிச்சம்! பின்னர் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம், 2001 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளைத் திருத்தியது. பழனி, திருச்செங்கோடு, கோபிச்செட்டிபாளையம் ஆகிய பாராளுமன்றத் தொகுதிகள் மறைந்தன. ஈரோடும் திருப்பூரும் தொகுதிகளாக எழுந்தன.

அப்பொழுது காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டத்தில் இருந்தன. எனவே நம்மை ஈரோட்டோடு சேர்த்ததில் பிழை காண இயலாது. ஆனால் 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் பிறந்தது. கோடு போட்ட மை காய்வதற்குள் வீடே மாறிவிட்டது! விளைவைப் பாருங்கள். மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து பாராளுமன்றத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டில், அவினாசி நீலகிரியில், பல்லடம் கோவையில், உடுமலைப்பேட்டையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். திருப்பூர் தொகுதிக்குக் கிடைத்தவை திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுமே. அதன் மற்ற நான்கு பகுதிகளான பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிச்செட்டிபாளையம் அனைத்தும் ஈரோடு மாவட்டத்தவை. பனியன் நகரின் உறுப்பினர் பர்கூர் மலை வரை நன்றி சொல்லப் போக வேண்டும்!

தேர்தல் முடிவுகள் என்ன சொல்கின்றன? 2009 இல் திருப்பூரில் அ.தி.மு.க.வின் சி. சிவசாமி ஏறத்தாழ 85 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர் காங்கிரசின் எஸ்.கே. கார்வேந்தன், அதற்கு முன் பழனியிலிருந்து நமக்கு உறுப்பினராக இருந்தவர். ஈரோட்டில் ம.தி.மு.க.வின் அ. கணேசமூர்த்தி, ஈ.வெ.கி.ச. இளங்கோவனை வென்றார். 2014 இல் இரு தொகுதிகளும் அ.தி.மு.க.வுக்கு: அங்கே வி. சத்தியபாமா, இங்கே செல்வக்குமார சின்னையன். 2019 இல் அங்கே இந்திய கம்யூனிஸ்டு கட்சியின் கே. சுப்பராயன், இங்கே மீண்டும் கணேசமூர்த்தி. 2024 இல் அங்கே மறுபடியும் சுப்பராயன், இங்கே தி.மு.க.வின் கே.இ. பிரகாஷ். நான்கு தேர்தல்களிலும் கோட்டின் இருபுறமும் வென்றது ஒரே அணிதான். ஆகவே எல்லையை மாற்றினால் எந்தக் கட்சிக்கு லாபம் என்று கேட்பவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள்.

என் கவலை கட்சியைப் பற்றியதன்று, நொய்யலைப் பற்றியது. திருப்பூர்ச் சாயக் கழிவு ஆற்றோடு இறங்கி வந்து தேங்கிய இடம், 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை. அது நம் வட்டத்தின் எல்லையில் இருக்கிறது. பாசனத்திற்கென்று கட்டிய அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே வேண்டும் நிலை வந்ததே, இதைவிடக் கொடுமை உண்டா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்த ஆணையால் வேலை இழந்த தொழிலாளி திருப்பூர் தொகுதி வாக்காளர். கிணறு கெட்ட உழவர் ஈரோடு தொகுதி வாக்காளர். இருவர் குறையையும் ஒருசேரக் கேட்டு, இருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் இல்லை. ஒருவர் தொழிலுக்காகப் பேசலாம், மற்றவர் நிலத்திற்காகப் பேசலாம். நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

‘திருப்பூரோடு சேர்ந்தால் பெருநகரின் இரைச்சலில் நம் குரல் அமிழ்ந்துவிடும், மஞ்சளுக்கும் மாட்டுக்கும் நாம் ஈரோட்டுச் சந்தைக்குத்தானே போகிறோம்’ என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் சந்தையை நாம் விரும்பியபடி மாற்றிக் கொள்ளலாம். ஆற்றின் போக்கை மாற்ற முடியுமா?

இன்று தொகுதிச் சீரமைப்பு என்றால், தமிழ்நாட்டின் 39 இடங்கள் என்னவாகும் என்பதே பேச்சு. அது பெரிய வழக்கு; பெரியவர்கள் வாதாடட்டும். நம் எல்லை வழக்கை நாம்தான் பேச வேண்டும். நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருதியே கோடு போட வேண்டும் என்றும், வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டுப் பொது அமர்வு நடத்த வேண்டும் என்றும் 2002 ஆம் ஆண்டுச் சீரமைப்புச் சட்டம் கூறியது. அடுத்த முறை அப்படியொரு வரைவு வரும்பொழுது நம் கல்லூரியிலிருந்து ஒரு மனு போக வேண்டும். திருப்பூரின் இரண்டு தொகுதிகளோடு பல்லடம், பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே பாராளுமன்றத் தொகுதியாக்குக என்பது அதில் நான் எழுத விரும்பும் கோரிக்கை. பவானியும் அந்தியூரும் கோபியும் தம் மாவட்டத் தலைநகரான ஈரோட்டோடு சேரட்டும். வேறு வகையில் பிரிப்பதே நன்று என எண்ணும் நண்பர்கள், தங்கள் படத்தையும் வரைந்து கொண்டு வாருங்கள்.