இளைப்பாறிய கை வெறுங்கையாக வேண்டாம்



30, 35 ஆண்டுகள் உழைத்த ஒருவர் வேலையிலிருந்து இளைப்பாறும்போது, தம் வாழ்நாளில் முதன்முறையாகவும் பெரும்பாலும் கடைசி முறையாகவும் ஒரு பெருந்தொகையைக் கையில் பெறுகின்றார். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், பணிக்கொடை என்னும் மூன்றும் சேர்ந்து தரும் பணம் அது. ஆனால், அப்பணம் வங்கிக்கு வந்து சேரும் முன்னரே அதற்கு உரிமை கோரும் தேவைகள் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப முகவருக்குக் கட்ட வேண்டும். மகளின் சீதன வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும். மருமகனின் வியாபாரத்துக்கு முதல் வேண்டும். ஓராண்டு கழிந்தபின், பணத்தைப் பெற்றவர் நீரிழிவு மாத்திரைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்கின்றார். இவ்வாறு நிற்கும் பெற்றோர் எல்லாப் பங்குகளிலும் இருக்கின்றனர். இன்றைய சிந்தனை அவர்களைப் பற்றியது. அந்நிலைக்கு இன்னும் வராதவர்களுக்கானது.

முதலில் இப்பணம் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்வோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தம் சம்பளத்தில் 8 வீதத்தையும் தொழில்கொள்வோர் 12 வீதத்தையும் செலுத்துகின்றனர். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்துகின்றார். அரச ஊழியருக்கு ஓய்வூதியம் மாதந்தோறும் வரும். தனியார்துறையில் உழைத்தவருக்கோ பெரும்பாலும் இந்தத் தொகையே ஓய்வூதியம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். 50 வயதில் பெற்ற ஒரு பெண் 80 வயதுவரை வாழ்ந்தால், அப்பணம் அவருக்கு 30 ஆண்டுகளுக்குச் சோறு போட வேண்டும். இனி வரவிருக்கும் 360 மாதங்களின் சம்பளம் ஒரே நாளில் கைக்கு வந்துள்ளது என்றே அவர் அதை எண்ண வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை முதல் நாளிலேயே செலவழித்துவிடும் குடும்பத் தலைவரை நாம் பொறுப்பற்றவர் என்கின்றோம். 360 மாதச் சம்பளத்தை ஒரே நாளில் கொடுத்துவிடுபவரை மட்டும் நல்ல தகப்பன், நல்ல தாய் என்று புகழ்கின்றோம். இந்தப் புகழ்ச்சியில் ஏதோ பிழை இருக்கின்றது.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். 30 இலட்சம் ரூபாவை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் மாதம் 20,000 ரூபா கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் உயர்ந்தால், இன்று 20,000 ரூபாவுக்கு வாங்கும் பொருள்களுக்கு 12 ஆண்டுகளின் பின் 40,000 ரூபா வேண்டும். வட்டியோ அதே 20,000 ரூபாவாகவே நிற்கும். ஆகவே, வரும் வட்டி முழுவதையும் உண்ணாமல் ஒரு பகுதியை மீண்டும் முதலோடு சேர்ப்பது முதல் பத்தாண்டுகளின் கடமையாகும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதை நாம் மறந்திருக்க முடியாது. வட்டிவீதமும் 20 வீதத்துக்கு மேல் ஏறி, 2024 இல் 10 வீதத்துக்குக் கீழ் இறங்கியது. ஏறியிருந்த வட்டியை நிரந்தரமென்று நம்பிச் செலவைப் பெருக்கியவர்கள் பின்னர் திண்டாடினார்கள்.

இவ்வாறு கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் கருதுவர். நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமென்று ஆண்டவர் சொல்லவில்லையா எனக் கேட்பர். கவலை வேறு, கணக்கு வேறு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று வினவியவரும் அதே ஆண்டவர்தாம். எகிப்தில் யோசேப்பு, செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் ஒரு நாட்டையே காத்தார். கணக்கைச் சரியாகப் பார்த்தவர் இரவில் செபித்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பது பற்றி விவிலியமே வெளிப்படையாகப் பேசுகின்றது. சீராக்கின் ஞானம் 33 ஆம் அதிகாரத்தை இந்த வாரம் எடுத்து வாசியுங்கள். மகனோ மனைவியோ சகோதரனோ நண்பனோ எவராயினும், உயிரோடிருக்கும் நாளில் உன்மீது அதிகாரம் செலுத்த இடங்கொடாதே. உன் உடைமையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதைக் கேட்டு நிற்காதே. வாழ்நாள் முடியும் வேளையில் பகிர்ந்தளி என்னும் பொருள்பட அந்த ஞானி அறிவுறுத்துகின்றார். இதைச் சொன்னவர் பிள்ளைகளை வெறுத்தவர் அல்லர். தாய் தந்தையரை மதிப்பதைப் பற்றி அதே நூலின் 3 ஆம் அதிகாரத்தில் உருக்கமாக எழுதியவர் அவர். மனித இதயத்தின் பலவீனத்தை அறிந்திருந்தார், அவ்வளவுதான். நல்ல பிள்ளைகளுக்கும் வேலை போகலாம், நோய் வரலாம், கடன் வரலாம். அப்போது அவர்கள் உதவ விரும்பினாலும் உதவ இயலாது.

வீட்டையும் காணியையும் பிள்ளைக்கு எழுதத்தான் வேண்டுமானால், உங்கள் சீவிய உருத்தை வைத்து எழுதுமாறு பிரசித்த நொத்தாரிசிடம் சொல்லுங்கள். நீங்கள் கண்மூடும்வரை அவ்வீட்டில் இருக்கும் உரிமை அப்போது உறுதியிலேயே பதிவாகும். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடுவதைத் தடுக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. பெருநன்றியின்மை காரணமாக நன்கொடை உறுதியை நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்ய 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது. ஆயினும், எந்தத் தாய் தன் பிள்ளையை எதிர்த்து நீதிமன்றப் படியேற விரும்புவாள்? சட்டத்தை நாட வேண்டாத விதமாக முன்னரே நடந்துகொள்வதே இரு தரப்பாருக்கும் நன்மை.

ஆலயத்துக்குக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு குருவானவன் சொல்ல வேண்டியது உண்டு. கோவிலுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைத் தாங்கும் கடமையிலிருந்து நழுவியவர்களை இயேசு கடிந்துகொண்டார் என மாற்கு 7 ஆம் அதிகாரம் காட்டுகின்றது. இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை நாம் அடிக்கடி நினைவூட்டுகின்றோம். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் சமயத் தலைவர்களைப் பற்றிய எச்சரிக்கை அதே 12 ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னரே வருகின்றது என்பதை நினைவூட்டுவதில்லை. இளைப்பாறியவரின் முதல் பணத்தால் திருவிழாவோ கட்டடமோ நடக்கத் தேவையில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானதர்மம் என்னும் நம் முன்னோரின் சொல் இவ்விடத்தில் பொருந்தும். மாத வருமானத்திலிருந்து இயன்றதை மனமுவந்து கொடுங்கள்; அது போதும்.

பணத்தை எங்கே வைப்பது? அதிக வட்டி என்னும் வார்த்தையைக் கேட்டதும் விழித்துக்கொள்ளுங்கள். 2008 இல் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோதும், 2020 இல் நிதி நிறுவன அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோதும், இழந்து தவித்தவர்களுள் வட்டியை நம்பி வாழ்ந்த முதியோர் ஏராளம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனம் வீழ்ந்தாலும், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே ஈடு கிடைக்கும். ஆகவே, முழுத் தொகையையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அக்கழிவைத் தவிர்க்கலாம். கணக்கு விபரங்களை மனைவியும் கணவரும் இருவரும் அறிந்திருங்கள். எந்த வங்கியில் என்ன இருக்கின்றது என்பதே தெரியாத கைம்பெண்கள் பலர்.

அடுத்தது காப்புறுதி. வேலை செய்த இடத்தில் கிடைத்த மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதன் பின்னர் புதிதாக எடுக்கச் சென்றால், வயதுக்கேற்பக் கட்டணம் உயர்ந்திருக்கும். ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுக்குக் காப்பு இல்லாமலோ சில காலம் காத்திருக்க வேண்டியோ வரும். எனவே, இதைப் பற்றி 60 வயதில் அல்ல, 50 வயதில் விசாரியுங்கள். நோயை மறைத்து விண்ணப்பம் நிரப்ப முகவர் எவரேனும் ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது பொய், தேவை வரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படுவதற்கும் அதுவே காரணமாகும். பல ஆண்டுகள் கட்டிய ஆயுட்காப்புறுதியைக் கட்ட முடியவில்லையென்று உடனே கைவிடாமல், சரணடைவுப் பெறுமதி எவ்வளவு, இனிக் கட்டாமல் குறைந்த தொகைக்குக் காப்பைத் தொடரலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் வளர்ந்து உழைக்கும் நிலையில், புதிதாக ஓர் ஆயுட்காப்புறுதி உங்களுக்குத் தேவைதானா என்றும் சிந்தியுங்கள்.

காப்புறுதிக் கட்டணம் உணவுக்கான பணத்தைத் தின்னுமானால் அது காப்பு ஆகாது. அத்தகையவர்கள் அந்தத் தொகையை ஒரு தனிக் கணக்கில் மாதந்தோறும் இட்டு, மருத்துவத்துக்கு மட்டுமே தொடுவதாகத் தீர்மானித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் அரச மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்க்கே மருத்துவமனைகள் உண்டு. வெளியே வாங்கச் சொல்லும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும் அந்தத் தனிக் கணக்கு கைகொடுக்கும். பெரும் சத்திரசிகிச்சைகளுக்குச் சனாதிபதி நிதியத்தின் உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அரச சேவையில் இருந்தவர்கள் அக்ரஹார காப்புறுதியில் தமக்குள்ள உரித்தைக் கேட்டறியட்டும். ஊரின் மரண உதவிச் சங்கத்துக்குரிய சந்தாவையும் நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும் காப்புறுதியை நம் மக்கள் தாமே கண்டுபிடித்து நடத்திவரும் இடம் அது.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தகப்பனார் தம் பணத்தைத் தம் பெயரிலேயே வைத்திருந்தால், உங்களை நம்பவில்லை என்று மனம் நோக வேண்டாம். உங்கள் தலைமேல் பின்னர் விழக்கூடிய ஒரு சுமையை அவர் இப்போதே தம் தோளில் தாங்குகின்றார். அவரிடம் கேட்பதற்குப் பதிலாக, வங்கிக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிறிய எழுத்தில் உள்ளதை வாசித்துச் சொல்லுங்கள். முடிவை அவரிடமே விடுங்கள்.

பெற்றோரே, கையில் சிறிது வைத்திருக்கும் முதியவரால்தான் கொடுக்க முடியும். ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் வழியில் பேரப்பிள்ளைக்கு ஓர் இனிப்பு வாங்கவும், காணிக்கைத் தட்டில் ஒரு நாணயம் இடவும், அயல்வீட்டு நோயாளிக்குப் பழம் கொண்டுபோகவும் இறுதிவரை இயல வேண்டும். இளைப்பாறிய அந்தக் கையை இறைவன் ஆசீர்வதிப்பாராக. அதை வெறுங்கையாக்கும் அவசர முடிவுகளுக்கு, அன்பின் பெயரால் வந்தாலும், பணிவோடு மறுப்புச் சொல்லுங்கள்.