இடுப்பில் இருந்த துண்டு தோளுக்கு ஏறிய கதை

சென்ற மாதம் தாராபுரத்தில் ஒரு கிளைக் கூட்டம். பேச்சு முடியும் நேரத்தில் ஒரு வாலிபத் தோழர் எழுந்து நின்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுபவர் அவர். விடியும் முன்னே கம்பெனி வேனில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்.

"ஏனுங்க தோழர், ஜாதிங்கறீங்க, வர்க்கங்கறீங்க. நம்ம பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு பாருங்க. தோட்டத்துக்காரரு பையனும் பேண்ட்டு, டீ-சர்ட்டுதான். எங்க காலனிப் பையனும் பேண்ட்டு, டீ-சர்ட்டுதான். எவன் எந்த ஊட்டுப் பையன்னு உங்களால சொல்ல முடியுங்களா? எல்லாஞ் சமமாயிருச்சுங்களே!" என்றார்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் இது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. அன்று பத்து நிமிஷத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அப்பாருவின் ஒரே துண்டு

என் அப்பாரு பண்ணையத்து ஆள். வருஷக் கூலிக்கு இருந்தவர். அவருடைய வாலிப காலத்தில், அதாவது 1940களில், அவருக்கு இருந்த உடுப்பு ஒரு கோவணமும் ஒரு துண்டும்தான். அந்தத் துண்டுதான் வெயிலுக்குத் தலைப்பாகை, குளிருக்குப் போர்வை, கம்பு ராகி வாங்கி வரும்போது மூட்டை. மழை வந்தால் கோணிச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார். பண்ணையக்காரர் எதிரே வந்துவிட்டால், தலையில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். தோளில் கிடந்தால் அது திமிர். வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் துணியும் கூலிக் கணக்கில் சேர்ந்ததுதான். ஆனால் அதைத் தர்மம் போல இரண்டு கையும் நீட்டி வாங்க வேண்டும்.

அவருடைய மைத்துனர் ஒருவர் கோயமுத்தூருக்குப் போய் ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பொங்கலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம். ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் உடம்போடு ஊருக்குள் நடந்தாராம். திரும்பிப் போகும்போது அதே எல்லையில் நின்று சட்டையை மாட்டிக்கொண்டாராம். அப்பாரு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூடச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

சட்டை வாங்க அந்த மைத்துனருக்குக் காசு இருந்தது. போட்டுக்கொள்ள உரிமை இல்லை. ஆகவே உடுப்பு என்பது காசு விஷயம் மட்டுமே என்று யாரும் நினைக்க வேண்டாம்.

துணிக்காக நடந்த போர்கள்

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. தெற்கே பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அதை மீறிய பெண்களின் சீலைகளைத் தெருவிலே கிழித்தார்கள். 1822 முதல் சுமார் 37 வருஷம் விட்டுவிட்டு நடந்தது அந்தக் கலகம். 1859 ஜூலையில் மகாராஜா உத்தரவு போட்டார். எப்படிப்பட்ட உத்தரவு? மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது! கொடுக்கும்போதும் ஒரு கோடு கிழித்துத்தான் கொடுத்தார்கள்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதி நிலக்காரர்கள் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. இதை மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். முதல் உலக யுத்தம் முடிந்து 12 வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஆகாய விமானம் பறந்துகொண்டிருந்தது. தரையிலே பனியன் போட்ட குற்றத்துக்குக் குடிசை எரிந்துகொண்டிருந்தது.

இதே காலத்தில் இரண்டு பெரிய தலைவர்கள் உடுப்பைப் பற்றி இரண்டு விதமாக முடிவு செய்தார்கள். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்திஜி மேல்சட்டையைத் துறந்து, முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். ஏழைக்குத் துணி இல்லாதபோது தனக்கு எதற்கு என்றார். 1927 டிசம்பரில் மகாராஷ்டிரத்து மகத் நகரில் டாக்டர் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட பெண்களைப் பார்த்து, ஜாதியைக் காட்டிக்கொடுக்கும்படி சேலை கட்டுவதை விட்டுவிடுங்கள், மற்றவர்களைப் போலவே நன்றாக உடுத்துங்கள் என்றார். இருவரும் ஏழையை மனதில் வைத்துத்தான் பேசினார்கள். ஆனால் சட்டை வைத்திருந்தவர் அதைக் கழற்றினால் தியாகம் என்று ஊர் கும்பிடும். சட்டையே இல்லாதவர் அதைப் போட்டால் ஊர் அடிக்க வரும். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கலாகாது.

மில்லும் சங்கமும்

நம் பக்கத்தில் மாற்றம் எப்படி வந்தது? 1888ல் கோயமுத்தூரில் முதல் பஞ்சாலை ஏற்பட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. பெல்ட் ஓடும் இடத்தில் தொங்கும் வேட்டிக்கு வேலை இல்லை. அரைக்கால் டிரவுசர் வந்தது. ரிங் பிரேமுக்கு ஜாதி தெரியாது. மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது, நிச்சயம். ஆனாலும் ஒரே ஷிப்ட், ஒரே கேட், ஒரே சங்கம் என்று வந்தபோது ஊரில் தாழ்த்தி நிறுத்தப்பட்டவனும் நிமிர்ந்து நின்றான்.

யந்திரம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. யந்திரம் துணியை மலிவாக்கியது. அதே யந்திரம் கைத்தறி நெசவாளியைக் கஞ்சித் தொட்டிக்கு அனுப்பியது. யுத்த காலத்தில் மில்கள் லாபத்தைக் குவித்தன. ஜனங்களோ துணிக்கு அலைந்தார்கள். 1943ல் சர்க்கார் துணிக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. மில் வாசலில் உரிமை கேட்ட சங்கத்துக்குக் கிடைத்த பதில் என்ன? சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

கிழக்கே தஞ்சையில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகத் தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைத் திரட்டினார்கள். 1944ல் மன்னார்குடியில் மிராசுதாரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சவுக்கு இறங்கிய பிறகுதான் துண்டு ஏறியது.

என் அய்யன் காலத்தில், 1970களில், விவசாயத் தொழிலாளர் சங்கம் எங்கள் ஊருக்கு வந்தது. சங்க ஊர்வலத்தில் சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருவிலே நடந்தார். திண்ணையில் இருந்தவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். அய்யன் துண்டை இறக்கவில்லை. ஐம்பது பேர் சேர்ந்து நடந்தார்கள் அல்லவா? தனி ஆளாக நடந்திருந்தால் அன்றைக்கே அடி விழுந்திருக்கும். எங்கள் ஆத்தா ரவிக்கை போட்டதும், பிறகு டெரிகாட்டன் சட்டை எங்கள் வளவுக்குள் நுழைந்ததும் இதற்குப் பிறகுதான்.

எல்லாம் சமமாகிவிட்டதா?

இப்போது அந்த வாலிபத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் யார் எந்த வீட்டுப் பையன் என்று சொல்ல முடியவில்லை என்றால், அது சின்ன விஷயம் அல்ல. அது நம் முன்னோர் ரத்தம் சிந்திப் பெற்ற வெற்றி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வெற்றியைச் சகிக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2012 நவம்பரில் தர்மபுரி ஜில்லா நாயக்கன்கொட்டாய் பக்கம் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அதையடுத்து ஒரு ஜாதிக் கட்சித் தலைவர் பேசினார்: தலித் வாலிபர்கள் ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மற்ற ஜாதிப் பெண்களை மயக்குகிறார்களாம்! 1930ல் முழங்காலுக்குக் கீழே இறங்கிய வேட்டி அவர்கள் கண்ணை உறுத்தியது. 82 வருஷம் கழித்து ஜீன்ஸ் உறுத்தியது.

இன்னொன்றையும் பாருங்கள். 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கக் கிளப் ஒன்றில், வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. நல்ல சட்டம்தான், நாமும் வரவேற்றோம். ஆனால் செருப்புப் போட்டு நடந்ததற்காக, புதுத் துணி உடுத்தியதற்காக உதை வாங்கிய கூலிக்காரனுக்கு? தீண்டாமை 1950ல் அரசியல் சாசனப்படி ஒழிந்தது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015ல் திருத்தியபோது, தலித் மக்கள் பொது இடத்தில் செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று பார்லிமெண்ட் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. நோய் இல்லாத உடம்புக்கு யாராவது மருந்து எழுதுவார்களா?

விலைச் சீட்டு

கடைசியாக வர்க்கத்தைப் பற்றி. நம் வாலிபர்கள் மார்பில் இங்கிலீஷ் எழுத்து மின்னும் டீ-சர்ட் பல சமயம் காதர்பேட்டையில் வாங்கியது. வெளிநாட்டுக்காரன் தையல் பிசகு என்று ஒதுக்கிய சரக்கு. நல்ல சரக்கு கப்பல் ஏறிவிட்டது. 1970களின் கடைசியில் தொடங்கிய ஏற்றுமதி, 2005ல் உலகத் துணி வியாபாரத்தில் இருந்த கோட்டா முறை ஒழிந்த பிறகு இன்னும் பெருகியது. திருப்பூர் சரக்கு போகாத கண்டம் இல்லை. தைத்தவர் கூலி அந்த வேகத்தில் ஏறியதா?

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பெண் பிள்ளைகளை மில் ஹாஸ்டலில் அடைத்து, மூன்று வருஷம் கழித்து கலியாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளும் சுடிதார்தான் போட்டிருந்தார்கள். ஆனால் இஷ்டப்படி கேட்டைத் தாண்டிக் கடைவீதிக்குப் போக முடியவில்லை. பாவாடை தாவணி சுடிதாராக மாறியதால் மட்டும் பெண் விடுதலை வந்துவிடாது.

1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரிசி இல்லாமல், வாடகை கொடுக்க முடியாமல் நின்றார்கள். இன்றைக்குக் கூலி ஒப்பந்தம் என்று ஒன்று பேசப்படுகிறது என்றால், அவர்களைப் போன்றவர்கள் நின்றதால்தான்.

ஆகவே தோழரே, ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் சட்டைக்கு விலைச் சீட்டு மாட்டுகிறார்கள் அல்லவா? டாலரிலும் யூரோவிலும் அச்சடித்த சீட்டு. அதில் உள்ள விலையைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டைக்கு உங்களுக்குக் கிடைக்கும் பீஸ் ரேட் என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செக்கிங் செய்யும் அக்காவுக்கு என்ன, அயர்ன் போடும் அண்ணனுக்கு என்ன என்றும் கேட்டு வாருங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் போடுவோம். தோளுக்கு ஏறிய துண்டுக்கு நியாயமான கூலி எவ்வளவு என்று அங்கே பேசுவோம்.