எஞ்சினைத் தேடும் முன் ரப்பரைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் மாமனார் முப்பது வருடத்துக்கு முன்பு எஸ்டேட் ஏலத்தில் எடுத்த 1969-ஆம் வருடத்து போக்ஸ்வேகன் வேன் எங்களிடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, எஞ்சின் பின்னால். கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். ஏறும்போது உர மூட்டை. போன மாதம் ஏறி வரும்போது இழுவை விட்டுப்போய், படபடவென்று சத்தம் வந்து நின்றுவிட்டது. எஞ்சின் முடிந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஒரு பழைய எஞ்சின் இருக்கிறதென்று ஒருவர் ஐம்பதாயிரம் முன்பணம் கேட்கிறார். டீசல் எஞ்சின் மாட்டிவிடலாம் என்கிறார் கொழுந்தனார். வண்டியை அப்படியே வாங்கிக்கொள்ள ஒரு வியாபாரியும் வந்து போகிறார். மாற்று எஞ்சின் கிடைக்குமா? முன்பணம் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: கிடைக்கும். ஆனால் முன்பணத்தை இன்னும் ஒரு வாரம் கையிலேயே வைத்திருங்கள். அந்த ஒரு வாரத்தில், பழைய எஞ்சின் எதனால் செத்தது என்று பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் எந்த எஞ்சினை மாட்டினாலும் அதுவும் அதே மலைப்பாதையில் அதே விதமாகப் போகும்.

இந்த வேனுக்கு ரேடியேட்டர் கிடையாது. டைனமோவின் தண்டிலேயே ஒரு காற்றாடி இருக்கிறது. ஃபேன் பெல்ட் அதைச் சுற்றுகிறது. அது இழுக்கும் காற்று தகரக் கூட்டுக்குள் போய், நான்கு சிலிண்டர்களின் மீதும் பாய்ந்து, சூடேறிக் கீழ்ப்பக்கமாக வெளியே போகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று. இரண்டும் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் எஞ்சினைச் சுற்றி விளிம்புத் தகடும், தகடு வண்டியின் உடலைத் தொடுகிற இடத்தில் ரப்பர் பட்டையும் வைத்தார்கள். பட்டை பார்க்க அற்பமானது. வெயிலிலும் எண்ணெயிலும் இருபது வருடத்தில் இற்று உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் வண்டி நிற்காது, சத்தம் போடாது, ஒன்றும் தெரியாது. கீழே போன சூட்டுக் காற்று அந்த இடுக்கு வழியாக மேலே ஏறி, காற்றாடி அதையே மறுபடி இழுத்து எஞ்சின் மீது ஊதும். சமவெளியில் வெறும் வண்டியாக ஓடினால் சில வருடம் தாங்கும். உர மூட்டையோடு இரண்டாவது கியரில் மணிக்கணக்கில் மலை ஏறினால் தாங்காது.

ஆகவே முதல் வேலை: பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து, எஞ்சினைச் சுற்றிலும் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தரை தெரிகிறதென்றால் விடை பாதி கிடைத்துவிட்டது. அடுத்து, தகரக் கூட்டின் துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய தகடு மறுபடி சரியாக உட்காரவில்லை என்றால், "இது சும்மா மூடிதான், வேண்டாம்" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். இந்த எஞ்சினில் சும்மா மூடி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தகடும் காற்றுக்கு வாய்க்கால். வாய்க்கால் கரையை உடைத்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று யாரைக் கேட்பது?

1969-ஆம் வருடத்து எஞ்சினில் இன்னொரு பிறவிக் குறையும் உண்டு. எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரைத் தகரக் கூட்டுக்குள், மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே நிறுத்தியிருக்கிறார்கள். வரும் காற்றை அது மறைப்பதால் மற்ற மூன்றையும்விட மூன்றாவது எப்போதும் சற்று அதிகமாகச் சூடாகும். வால்வு எரிவதும் பிஸ்டன் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். வண்டியின் முன்பக்கம் பார்த்து நின்றால் இடது பக்கத்தில் முன்னால் இருப்பது மூன்றாவது. மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் செத்திருந்தால், போனது எஞ்சின் அல்ல. ஒரு ஹெட், ஒரு பிஸ்டன், ஒரு சிலிண்டர். அப்படியானால் ஐம்பதாயிரத்தைப் பற்றிய பேச்சே வேறு. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் தனித்தனியாகக் கழன்று வரும். பிஸ்டனும் சிலிண்டரும் செட்டாகப் புதிதாகவே இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

இத்தனை பழைய வண்டிக்கு இன்னும் எப்படிச் சாமான் வருகிறது என்று கேட்கலாம். இந்த வேனை ஜெர்மனியில் 1950-இல் செய்யத் தொடங்கினார்கள். பிரேசில் நாட்டில் 1957-இல் தொடங்கி 2013 வரை செய்தார்கள். அங்கே இதற்குப் பெயர் கோம்பி. காய்கறியும் பழமும் ஏற்றித் தெருச்சந்தைக்குப் போகிற சிறு வியாபாரியின் வண்டி அது; நம் ஊரில் குட்டியானை மாதிரி. 2005-ஆம் வருடக் கடைசி வரை பிரேசில் வேனில் காற்றில் குளிரும் எஞ்சின்தான். இதே குடும்பத்து எஞ்சினை மாட்டிய பீட்டில் காரை மெக்சிகோவில் 2003 வரை செய்தார்கள். உலகமெங்கும் இத்தனை வண்டிகள் ஓடியதால்தான் உதிரிபாகத் தொழில் இன்னும் சாகவில்லை.

இப்போது, முழு எஞ்சினே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் எஞ்சினின் கூட்டை, அதாவது கிராங்க் உட்காரும் உலோக உடலை. அது மக்னீசியக் கலவை. இரும்பு போல் உறுதி கிடையாது. மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால் விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் இல்லையென்றால் கூட்டை விட்டுவிடாதீர்கள். பேரிங் உட்காரும் குழிகள் அடிபட்டு நீள்வட்டமாகியிருந்தால், நேராகத் துளைத்துப் பெரிய அளவு பேரிங் போடலாம். அந்த அளவு பேரிங்குகள் விற்பனையில் உண்டு. மோட்டார் பம்புத் தொழிலால் வளர்ந்த கோயம்புத்தூரில் கிராங்க் கிரைண்டிங், லைன் போரிங் வேலை தெரிந்த பட்டறைக்குப் பஞ்சமில்லை. கூட்டின் இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் துளைக்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

சொந்தக் கூட்டைக் காப்பாற்றுவதில் இன்னொரு லாபம்: எஞ்சின் எண் மாறாது. டைனமோ பீடத்துக்குக் கீழே கூட்டின் மீதே அது வெட்டப்பட்டிருக்கும். எண் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, எஞ்சின் மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. வாங்கிய எஞ்சினுக்குப் பில் இல்லையென்றால், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற கேள்வி உங்கள் தலையில் விழும்.

முன்பணம் கேட்கிறவர் வைத்திருக்கும் எஞ்சினுக்கு வருவோம். அது பீட்டில் கார் எஞ்சினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொருந்துமா என்றால், பொருந்தும்; ஆனால் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் வேனில் எஞ்சினின் பின்முனையைத் தாங்க ஒரு சட்டம் உண்டு. அதைப் பிடிக்கும் போல்ட் ஓட்டைகள் பல பீட்டில் எஞ்சின்களில் இருக்காது. உங்களுடையது 1600 சி.சி.; வருவது 1200 என்றால் மலையை மறந்துவிட வேண்டியதுதான். ஃபிளைவீல் பல் 130 இருக்க வேண்டும். 109 என்றால் அது பழைய 6 வோல்ட் வண்டியுடையது, உங்கள் ஸ்டார்ட்டருக்கு ஒத்துவராது. எண்ணுக்கு முன்னால் AD அல்லது AS என்ற எழுத்துகள் இருந்தால் 1971-க்குப் பிந்தைய 1600. அது கிடைத்தால் நல்லது. அந்த எஞ்சின்களில் எண்ணெய்க் கூலரைத் தனியாகப் பின்னால் தள்ளி, அதற்கென்று தனிக் காற்றுவழி கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் சிலிண்டருக்கு அது உயிர்ப்பிச்சை. வாங்கும்போது காற்றாடி, தகரக் கூடு, கூலர் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

ஓடாத எஞ்சினைக் கையாலேயே சோதிக்கலாம். ஃபேன் பெல்ட் மாட்டும் பெரிய கப்பியை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, உள்ளே தள்ளுங்கள். இருக்க வேண்டிய ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர், 0.15-க்கு மேல் போகக் கூடாது. டயல் கேஜ் வைத்து அளப்பதே முறை. டக் டக்கென்று கைக்குத் தெரிந்தாலோ கண்ணுக்கே தெரிந்தாலோ, விற்கிறவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய எஞ்சின் வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால், பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். புதுச் சாமான்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, தீர்வை மட்டும்.

கொழுந்தனாரின் டீசல் யோசனை நல்லெண்ணத்தில் சொன்னது. ஆனால் இப்படி மாட்டும் டீசல் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் ரேடியேட்டர் வேண்டும். அதற்கென்று இந்த வண்டியில் இடம் ஒதுக்கப்படவில்லை. பின் அச்சின் மீது பாரம் கூடும், கியர்பெட்டி அந்த முறுக்கத்துக்குச் செய்யப்பட்டதல்ல. எரிபொருளே மாறுவதால் முன் அனுமதியும் வேண்டும். விட்டுவிடச் சொல்லுங்கள்.

விற்பதா வைத்திருப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. கணக்குக்காக ஒன்று: மண்டிக்கு வாரம் இரண்டு நடை வாடகை வண்டிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெட்ரோல் செலவையும் நேர்மையாக எழுதுங்கள். விற்பதென்று முடிவானாலும், எஞ்சின் செத்த வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு என்பது வந்து போகிற வியாபாரிக்கு நன்றாகவே தெரியும்.

எஞ்சின் மறுபடி உட்கார்ந்த பிறகு: எண்ணெய் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும், காகித ஃபில்டர் கிடையாது, வெறும் சல்லடை. அதனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். அதே நாளில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று ஓட்டிக்கொண்டே வரக் கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம், அறுந்தால் காற்றாடியும் நின்றிருக்கும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு புதுப் பெல்ட் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

காற்றில் குளிரும் டீசல் பம்ப்செட் வைத்திருக்கும் வாசகர்களும் இதையெல்லாம் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் மடிப்புகளில் வைக்கோல் தூசும் எண்ணெயும் அடையாய் அப்பியிருந்தால், காற்றுத் தகட்டைக் கழற்றிவைத்து ஓட்டினால், சிறு கொட்டகைக்குள் சூடான காற்று வெளியேறாமல் சுழன்றால், முடிவு ஒன்றுதான்.

கோத்தகிரிச் சகோதரி, கம்ப்ரஷன் பார்த்த நான்கு எண்களையும், ரப்பர் பட்டை இருந்ததா இல்லையா என்பதையும், உங்கள் எஞ்சின் எண்ணின் முதல் எழுத்துகளையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சாமான் வேண்டும் என்று அடுத்த இதழில் குறிப்பாகச் சொல்லலாம்.